அஸ்திவாரக் குழியில் பழைய செங்கல்: பீடோங்கில் நாங்கள் பட்ட பாடு

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங்கில், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் சிறிய மண்டபம் ஒன்று கட்டுகிறோம். நிர்வாகக் குழுச் செயலாளர் என்பதால் பேப்பர் வேலையெல்லாம் என் தலையில். வரைபட ஒப்புதல் சிக்கலில்லாமல் கிடைத்தது. தூண் குழி தோண்டியபோதுதான் வினை வந்தது.

இடுப்பளவு ஆழத்தில் எக்ஸ்கவேட்டர் வாளியோடு செங்கல் துண்டுகள் வந்தன. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுச் செங்கலைவிட அகலமானவை, ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது. கூடவே ஓட்டை ஓட்டையாகக் கருப்புக் கட்டிகள். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். இரும்பு உருக்கிய கசடு என்று பார்த்ததும் தெரிந்தது. பக்கத்தில் சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் தோண்டி, பழைய இரும்பு உலைகளையும் காற்று ஊதும் களிமண் குழாய்களையும் வெளியே எடுத்ததை நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன்.

"யாருக்கும் சொல்லாதீங்கண்ணே, மண்ணைத் தள்ளி மூடிருவோம்" என்றார் கொன்ட்ரெக்டர். முடியாது என்றேன். இதே புஜாங் பள்ளத்தாக்கில் 2013இல் பதினோராம் எண் சண்டியை, அதாவது பழங்காலக் கோயிலின் எச்சத்தை, வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளிய பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான், அந்தக் கடாரம் இந்தக் கெடாதான் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அந்த மண் நம் காலடியில் வரும்போது மூடிவிடுவதா?

வேலையை நிறுத்திவிட்டு, படங்களோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த கிராணி படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நில கிராண்ட் நகல் கொண்டு வாங்க." நிலமோ தோட்ட நிறுவனத்துடையது, கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், கோலாலம்பூர் தலைமையகத்தில் இருக்கிறது. கெடாவில் வெள்ளி, சனி லீவு. அங்கே சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் சேர்ந்து திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். கெஞ்சிக் கூத்தாடி நகலை வரவழைத்தால், அதில் இருந்தது பழைய லாட் எண், அதாவது பழைய மனை எண். "எண் பொருந்தலையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று இரவு சட்டத்தையே எடுத்துப் படித்தேன். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டம், அதாவது சட்டம் 645, 47ஆவது பிரிவு. பழம்பொருள் என்று நம்பத்தக்க ஒன்றைக் கண்டெடுத்தவர் மரபுரிமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பதற்குக் கிராண்ட் வேண்டும் என்று அதில் இல்லவே இல்லை! மறுநாளே ஒரு பக்கக் கடிதம், படங்கள், இடத்தின் வரைபடம் எல்லாவற்றையும் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, என் நகலில் 'பெறப்பட்டது' முத்திரை வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரை இல்லாமல் எந்த முகப்பையும் விட்டு நகராதீர்கள்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தொல்லியல் படித்த இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பல் வைத்த வாளியைக் கழற்றச் சொல்லி, தட்டை வாளியால் மெல்லிய அடுக்காகச் சுரண்ட வைத்தார்கள். ஒருவர் குழி ஓரத்திலேயே நிற்பார். மண்ணின் நிறம் மாறினால் கை உயரும், எந்திரம் நிற்கும். உடனே கரணையும் தூரிகையுமாக உள்ளே இறங்கிவிடுவார். அளவுகோலும் வடக்கு காட்டும் அம்பும் வைத்துப் படம் எடுத்த பிறகே அடுத்த அடுக்கு. எடுத்த மண்ணைச் சலித்தும் பார்த்தார்கள். சுவர் எதுவும் இல்லை. சிதறிய செங்கல், கசடு, ஊதுகுழாய்த் துண்டு ஒன்று. அந்தத் துண்டு கிடைத்த மூலையைத் தொடாமல் ஒரு தூணைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். எஞ்சினியர் அன்றே வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தார். எனக்குப் பெரிய நிம்மதி.

இந்தப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்திரம் சும்மா நிற்கும் நாளுக்கு என்ன வாடகை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் அதில் நன்றாக அடி வாங்கினோம். லாட் எண் பழையதா புதியதா என்று தோண்டுவதற்கு முன்பே சரிபாருங்கள். பொருள்களை எடுத்துப் போகும்போது கையெழுத்திட்ட பட்டியல் கேளுங்கள். எங்களுக்குக் கொடுத்தார்கள், கோயில் கோப்பில் இருக்கிறது. தோண்டும்போது அந்த இளைஞர்கள் செய்த கண்காணிப்பு பற்றிய அறிக்கையின் நகல்தான் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அலுவலகம் திறந்ததும் போய்க் கேட்கப் போகிறேன்.