காலண்டர் மட்டையில் ஒரு வேணியர்

நாங்கள் இலங்கையில் படித்த காலத்தில் டிசம்பரில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிந்தால் ஏ.எல். (உயர்தர) வகுப்பு தொடங்கும்வரை நீண்ட இடைவெளி. எங்கள் வகுப்பில் பாதிப்பேர் கிரிக்கெட்டோடு போய்விட்டார்கள். கணிதப் பிரிவு என்று முடிவெடுத்தவர்கள் ரியூசன் கொட்டிலுக்குள் நுழைந்தோம். அங்கே எடுத்த எடுப்பில் நியூற்றனின் விதிகள். கொப்பி மளமளவென்று நிறைந்தது, தலைக்குள் அவ்வளவாக ஏறவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஏ.எல். எழுதிவிட்டு வளாக (பல்கலைக்கழக) அனுமதிக்குக் காத்திருந்த அண்ணா ஒருவர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். "தம்பிமார், பௌதிகம் பிறகு படிக்கலாம். முதல்ல ஒரு விசையை இரண்டாய்ப் பிரிக்கப் பழகுங்கோ" என்றார். அப்புறம் பின்னேரங்களில் சைனும் கோசைனும்தான். வேக-நேர வரைபு கீறி, படித்திறன் (கோட்டின் சாய்வு) ஆர்முடுகல் (முடுக்கம்), கீழேயுள்ள பரப்பு இடப்பெயர்ச்சி என்று காட்டினார். இயக்கச் சமன்பாடுகளை ஒரு சரிவகத்தின் பரப்பிலிருந்தே எடுத்துவிடலாம் என்று கண்டபோது ரியூசன் கொப்பியின் மூன்று பக்கம் தேவையில்லாமல் போனது. பரீட்சை மண்டபத்தில் கல்குலேட்டர் கிடையாது என்பதால் மடக்கை அட்டவணையும் கூடவே வந்தது.

அளவீட்டுக்குத்தான் அவர் மினக்கெட்டார். அளவிடையின் ஒரு பிரிவுக்கும் குறைந்த நீளத்தை வாசிக்க உதவும் நகரும் துணை அளவிடையான வேணியரை மட்டையிலேயே செய்தார். காலண்டர் மட்டையில் சென்ரிமீற்றர் அளவிடை ஒன்று. இன்னொரு மட்டைத் துண்டில் 9 சென்ரிமீற்றரைப் பத்தாகப் பிரித்த கோடுகள். இரண்டையும் ஒட்டி நகர்த்தினால் துண்டின் எத்தனையாவது கோடு நேர்படுகிறதோ அத்தனை மில்லிமீற்றர். வாசித்ததைச் சரிதானா என்று அடிமட்டத்தால் பார்ப்போம். துண்டை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி ஒட்டி, பூச்சியக் கோடுகள் நேர்படாததால் வரும் பிழையான பூச்சிய வழுவையும் அதிலேயே படிப்பித்தார்.

போரால் எங்கள் பக்கம் 1990 இல் போன மின்சாரம் திரும்பி வராத காலம் அது. இரவுப் படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். செய்தி கேட்க சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை ஓட்டுவோம். ஒருநாள் ரேடியோவைக் கழற்றிவிட்டு 3 வாற்று பல்பைக் கொழுவச் சொன்னார். பல்பு எரிகையில் மிதி கனத்தது. வயர் ஒன்றைக் கழற்றினார், சட்டென்று இலேசானது. "வெளிச்சம் சும்மா வராது, உன்ர கைதான் எரியுது" என்றார். தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கும் மாற்றத்தையே எதிர்க்கும் என்ற லென்சின் விதி பற்றிப் பேச்சே இல்லை. அது பாடமாக வந்தபோது எங்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

ஏ.எல். வகுப்பின் முதல் செய்முறையில் உண்மையான வேணியர் இடுக்கிமானி கையில் கிடைத்தது. என்ன சின்னச் சாமான் என்றிருந்தது. அன்றைக்கே இன்னும் நுண்ணிய நீளத்தை அளக்கும் திருகுக் கணிச்சிக்கும் போய்விட்டோம்.

இங்கே தொரன்ரோவில் பதினோராம் வகுப்புப் பௌதிகத்திலும் இயக்கவியல் உண்டு. கோடை விடுமுறையில் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று சங்க நண்பர்கள் கேட்பார்கள். வரைபுத்தாள் வாங்குங்கள், யூலையும் ஓகஸ்ட்டும் கல்குலேட்டரை எடுத்து ஒளித்துவையுங்கள் என்பேன். வரைபுத்தாளுக்குப் பிரச்சினையில்லை, கல்குலேட்டரால்தான் வீடுகளில் சண்டையாம்.