குல்மார்க்: கயிற்றுக்கு அப்பால் உள்ள பனி

குல்மார்க் ஊர் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டோலா என்னும் கேபிள் காரின் முதல் கட்டம் கோங்டோரி வரை போகும். இரண்டாம் கட்டத்தில் ஏறினால் ஏறத்தாழ 3,950 மீட்டரில், அஃபர்வத் முகட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கலாம். டிக்கெட் எடுத்தவர் யாராக இருந்தாலும் பனி மூடிய இமயச் சரிவின் உச்சியில், சறுக்கி இறங்கப் போய் நின்றுவிடலாம். மூச்சு வாங்க நடந்து ஏறியிருந்தால் வழியெல்லாம் காலடியில் பனி எப்படி இருக்கிறது என்று தெரிந்திருக்கும். கேபிள் காரில் போகிறவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

கொண்டோலாவை ஒட்டிய, கிண்ணம் போன்ற பெரிய சரிவை மட்டும்தான் ஸ்கி ரோந்துக் குழு கவனிக்கிறது. பனி கொட்டிய பிறகு வெடி வைத்து, தளர்ந்ததை உதிர்த்துவிட்டுத்தான் அதைத் திறப்பார்கள். அதன் எல்லையைக் காட்டும் கயிற்றைத் தாண்டி இடமோ வலமோ பத்து நிமிடம் குறுக்கே போனால் பனி அதேபோலத்தான் தெரியும். ஆனால் அங்கே யாரும் எதையும் சோதித்திருக்க மாட்டார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தின் ஹாபத்குட் பக்கம் விழுந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள்.

இங்கே உண்மையான ஆபத்து புதுப்பனியைவிட அதற்கு அடியில் கிடக்கும் பழைய பனியில்தான். டிசம்பர் 21 முதல் 40 நாள் சில்லாய் கலான், காஷ்மீரின் கடுங்குளிர்க் காலம். அந்த நாட்களில் பனி குறைவாகப் பெய்து வானம் தெளிவாகவே இருந்தால் நல்லதல்ல. தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரி. 60 செ.மீ. மேலே, பனியின் மேற்பரப்பு மைனஸ் 12 என்று வையுங்கள். பத்து செ.மீ.க்கு இரண்டு டிகிரி வேறுபாடு. ஒரு டிகிரியைத் தாண்டினாலே போதும், நீராவி மேலேறி பனித்துகள்கள் கோணல்மாணலான படிகங்களாக மாறத் தொடங்கும். அள்ளிப் பிடித்தால் ரவை போலக் கையிலிருந்து உதிரும், உருண்டை பிடிக்க வராது. இதன் மேல் பிப்ரவரியில் ஒரு மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் வானிலை அமைப்பு) வந்து கனமான பனியை ஏற்றினால் அடியில் உள்ளது தாங்காது. 2024 ஜனவரியில் குல்மார்க் வெறுந்தரையாகக் கிடந்தது. பிறகு கொட்டித் தீர்த்தது. பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க் பக்கம் சரிந்ததில் ரஷ்ய நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார்.

காற்றையும் பார்க்க வேண்டும். புயல்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், குல்மார்க்கை நோக்கிய வடகிழக்குச் சரிவுகளில்தான் பனி குவிந்து பாளமாக இறுகும். சறுக்க ஆசை வருவதும் அதே சரிவுகளில்தான்.

காலையில் முதல் வேலை பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையைப் படிப்பது. சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. மாவட்ட வாரியாக எச்சரிக்கை தருகிறது. குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தில் வரும். அது ஒரு முழு மாவட்டத்துக்கானது. நீங்கள் நிற்கும் சரிவை அதற்குத் தெரியாது. சாய்வை நீங்களே அளக்க வேண்டும்: ஊன்றுகோலைச் சரிவின் மேல் படுக்கவைத்து, அதன்மேல் செல்போனின் சாய்வுமானியை வையுங்கள். 30 முதல் 45 டிகிரி வரை ஆபத்து. 38ஐ ஒட்டித்தான் அதிகம் சரிகிறது. 25 டிகிரியில் நின்றாலும் தலைக்கு மேல் செங்குத்தான சரிவு இருந்தால் கணக்கு மாறிவிடும்.

காலடியில் 'வும்ப்' என்று அமுங்கும் சத்தம், ஸ்கியின் முன்னால் ஓடும் விரிசல், அன்றைக்கே விழுந்த வேறு பனிச்சரிவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்பிவிடலாம், குழி தோண்டிச் சோதிக்கத் தேவையில்லை. எதுவும் தென்படாவிட்டால் 30 செ.மீ. சதுரத் தூண் ஒன்றைப் பனியில் வெட்டி, மேலே மண்வாரியை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு தட்டுங்கள். முதல் பத்துக்குள் தூண் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் வேண்டாம். முப்பதும் தாங்கினால் 'போகலாம்' என்று பொருள் கொள்ளாதீர்கள். பத்து மீட்டர் தள்ளி விடை வேறாக இருக்கலாம்.

பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பவும் தேடவும் உதவும் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பு), உலோக மண்வாரி மூன்றும் ஆளுக்கு ஒன்று வேண்டும். பிளாஸ்டிக் மண்வாரி சரிந்து இறுகிய பனியில் உடைந்துவிடும். வாடகைக்கு எடுக்கும் பீக்கனைக் கடையிலேயே இயக்கி, அனுப்புவதையும் தேடுவதையும் இரண்டையும் சோதியுங்கள். செல்போனை அதிலிருந்து 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும்.

சரிவில் ஒவ்வொருவராக இறங்குங்கள். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்கட்டும். ஒருவர் புதைந்தால் முதல் 10 நிமிடத்துக்குள் எடுக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆனால் பத்தில் மூன்று பேர்தான். ஊரிலிருந்து மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. மேலே இன்னொன்று சரியுமா என்று பார்த்துவிட்டு, எல்லோரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் எல்லாரும் அவரையே தேடிக்கொண்டிருப்பார்கள். பீக்கன் காட்டும் தூரம் 3 மீட்டருக்குக் குறைந்ததும் மெதுவாக, பீக்கனைப் பனியோடு ஒட்டிப் பிடித்துத் தேடுங்கள். மிகக் குறைந்த எண் வந்த இடத்திலிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருளாக ப்ரோப்பைக் குத்துங்கள். உடல் தட்டுப்பட்டால் ப்ரோப்பை உருவாதீர்கள். ஆழம் ஒரு மீட்டர் என்றால் சரிவில் ஒன்றரை மீட்டர் கீழே இறங்கி, அங்கிருந்து உள்நோக்கித் தோண்டுங்கள். நேர் மேலே நின்று தோண்டினால் அவருடைய மூச்சுவெளியை நீங்களே மிதித்து அடைத்துவிடுவீர்கள்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் இங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் எண் ஒன்றாவது குழுவில் இருக்கட்டும். மார்ச்சில் வெயில் ஏறியதும் சரிவில் பனி உருண்டைகள் தாமாக உருண்டோடத் தொடங்கும். அதற்குள் கீழே வந்து, சாய்வு குறைந்த காட்டு வழியைப் பிடித்திருக்க வேண்டும்.