பஸ்கா வாரத்தில் ஒரு சிடி

ஏப்ரல் 9, 2025, புதன்

நண்பர் கொடுத்த சிடி ஒரு மாதமாக அலமாரியில் கிடந்தது. லேப்டாப்பில் சிடி போட இடமில்லை, பழைய டிவிடி பிளேயரைத் தூசி தட்ட வேண்டியதாயிற்று. ஆல்பத்தின் பெயர் 'பிரதர் மோசஸ் ஸ்மோட் தி வாட்டர்'. பெர்லினில் மேடையில் பாடியதை அப்படியே பதிவுசெய்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். 1986இல் நியூயார்க்கில் தொடங்கிய கிளெஸ்மாட்டிக்ஸ் குழுவோடு காஸ்பல் பாடகர்கள் ஜோஷுவா நெல்சனும் கேத்ரின் ஃபார்மரும் சேர்ந்திருக்கிறார்கள்.

கிளெஸ்மர் என்றால் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண வீட்டு வாசிப்பு, நமக்கு நாகஸ்வரம் தவில் மாதிரி. காஸ்பல், அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு. இரண்டையும் சேர்த்தால் கதம்ப சாதம்தான் வரும் என்று நினைத்தேன். முதல் தடவை கேட்டபோது அப்படித்தான் இருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

கிளெஸ்மர்காரர்கள் அதிகம் புழங்கும் ஃப்ரைகிஷ் என்ற ஸ்வர வரிசையை கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன். சின்ன ரிஷபம், பெரிய காந்தாரம், சின்ன தைவதம், சின்ன நிஷாதம். அட, நம் வகுளாபரணம்! அவர்களுடைய இன்னொரு வரிசை ஹேமவதியின் ஸ்வரங்களோடு பொருந்துகிறது. ஸ்வரம்தான் ஒன்று, பிடி வேறு. கமகத்துக்குப் பதில் அங்கே 'கிரெக்ட்ஸ்' என்று ஒன்று உண்டு. அழுது முடித்த குழந்தைக்கு நடுவில் ஒரு கேவல் வருமே, அதே மாதிரி ஸ்வரம் சட்டென்று தொண்டையில் அடைபடும்.

காஸ்பல் பாடகருக்கு அந்த அடைப்பே கிடையாது. ஒரே எழுத்தை எடுத்து ஏழெட்டு ஸ்வரங்களுக்கு இழுத்துக்கொண்டு போவார். இந்த இரண்டு விதமும் அடுத்தடுத்து வரும் இடங்களைத்தான் இன்று திரும்பத் திரும்பப் போட்டேன். எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து முழங்கும் இடங்களைவிட இவைதான் எனக்குப் பிடிக்கின்றன. தையல் தெரிகிறது, தெரியட்டுமே.

நெல்சன் கறுப்பினத்தவர், யூதரும்கூட. எட்டு வயதில் தாத்தா பாட்டி வீட்டில் கிடைத்த, காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சனின் இசைத்தட்டுதான் அவரைப் பிடித்துக்கொண்டதாம். எபிரேய வழிபாட்டு வரிகளை காஸ்பல் மெட்டில் பாடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் 'கோஷர் காஸ்பல்'. கோஷர் என்றால் யூத உணவு விதிகளுக்கு உட்பட்டது. அவருக்கு இது 'ஃப்யூஷன்' இல்லை, வீட்டுச் சங்கதி.

ஏப்ரல் 12, சனி

இன்று பொழுது சாய்ந்ததும் பஸ்கா தொடங்குகிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பண்டிகை. யூத வீடுகளில் இன்றைய விருந்தில் எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு கிண்ணம் திராட்சரசம் தனியாக இருக்கும். அவர் வருவார் என்று ஒரு கட்டத்தில் வாசல் கதவையும் திறந்து வைப்பார்கள். ஆல்பத்தில் 'எலைஜா ராக்' இருக்கிறது, எலைஜா என்றால் எலியாதான். மஹாலியா பாடிப் பிரபலமான பாட்டு. இந்தக் கதவு விஷயம் மனதில் இருக்கும்போது கேட்டால், கூப்பிடுகிற குரலில் கொஞ்சம் அவசரம் கூடிவிடுகிறது.

'கோ டவுன் மோசஸ்' பாட்டும் உண்டு. எகிப்து மன்னன் பார்வோனிடம் போய் என் ஜனங்களை விடச் சொல் என்று மோசேயை அனுப்பும் பாட்டு. அமெரிக்க அடிமைகளுக்கு எகிப்து தொலைதூரத்து ஊர் இல்லை, அவர்கள் வேலை செய்த தோட்டமேதான். பார்வோன் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடிமைகளைத் தப்பவைத்த ஹேரியட் டப்மனை மோசே என்றுதான் அழைத்தார்கள். யூதர்கள் முன்னோர் கதையாக வருஷா வருஷம் சாப்பாட்டு மேசையில் சொல்வதை, இவர்கள் நாளைக்கே நடக்க வேண்டிய காரியமாகப் பாடினார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. காலையில் தெருவில் பவனி போனது. மத்தியானம் மறுபடி ஆல்பம். கைதட்டத்தான் வரவில்லை. காஸ்பலில் தட்டு விழுவது இரண்டிலும் நான்கிலும். ஆதி தாளம் போட்டுப் பழகிய கை, சமத்தில் 'டப்' என்று விழுகிறது. "ஏங்க, பாட்டு ஒரு பக்கம் போகுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க" என்றாள் மனைவி. சமையலறையில் அவள் சரியாகத்தான் தட்டிக்கொண்டிருந்தாள், கரண்டியால்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆல்பத்தின் தலைப்பு உறுத்தியது. 'சகோதரர் மோசே தண்ணீரை அடித்தார்' என்று பொருள். பைபிளில் இந்தக் கதை வரும் யாத்திராகமத்தைப் புரட்டினேன். கோலால் தண்ணீரை அடித்தது நைல் நதியில், அது இரத்தமானது. சமுத்திரம் பிளந்த இடத்தில் கோலை ஓங்கிக் கையை நீட்டியதோடு சரி, அடிக்கவில்லை. பாட்டு கட்டியவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். நல்லதுதான், கையை நீட்டினால் பாட்டில் அடி விழாதே.

'ஆலே பிரிதெர்' என்ற பாட்டைப் பற்றியும் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான, ஜெர்மனுக்கு நெருக்கமான இத்திஷில்) யோசித்துக்கொண்டிருந்தேன். 'எல்லோரும் சகோதரர்கள்'. ஜெர்மனில் 'ஆலே ப்ரூடர்'. அந்தக் கூட்டத்தில் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டிருக்காது. அதுவும் பெர்லினில்.

நண்பர் போன் செய்து சிடி எங்கே என்று கேட்டார். ஈஸ்டர் முடியட்டும் என்றேன்.