ஒரே ஆள், ரெண்டு ஐடி: என் கிரெடிட்டை ஒண்ணு சேர்த்த கதை

கம்ப்யூட்டர் சும்மா கெடக்குற நேரத்தை பாயிங்க் (BOINC)ங்கற சாஃப்ட்வேர் மூலமா ஆராய்ச்சிக்கு குடுக்குறது ரொம்ப வருஷப் பழக்கம் எனக்கு. வேற்றுக்கிரக சிக்னல் தேடுற செட்டி அட் ஹோம்ல ஆரம்பிச்சது, அது 2020 மார்ச்ல வேலை அனுப்புறதை நிறுத்தினதும் ஐன்ஸ்டைன், ரொசெட்டா, எல்எச்சி, மில்கிவேன்னு பல ப்ராஜெக்ட்டா பிரிஞ்சு போச்சு. செஞ்ச வேலைக்கு ப்ராஜெக்ட் போடுற பாயிண்ட்டுதான் கிரெடிட், அதால பத்து பைசா பிரயோஜனம் இல்லதான், ஆனாலும் ராத்திரி ஒரு தடவை அந்த நம்பரைப் பாக்காம தூக்கம் வராது, இந்த வியாதி இருக்குறவங்களுக்குப் புரியும்.

எல்லா ப்ராஜெக்ட் கணக்கையும் சேர்த்துக் காட்டுற ஒரு புள்ளிவிவர சைட்ல ஒருநாள் என் பேரைத் தேடினேன். ரெண்டு வரி வந்துச்சு. அதே பேர், அதே டீம், ஒருத்தன்கிட்ட மூணு ப்ராஜெக்ட், இன்னொருத்தன்கிட்ட மிச்சம். முதல்ல எவனோ என் பேரை வச்சிருக்கான்னு நெனச்சேன். ஃபோல்டிங் அட் ஹோம்னு பாயிங்க்ல சேராத இன்னொரு திட்டத்துல அப்படி நடக்கும், அங்க யூசர்நேம் யாருக்கும் சொந்தம் இல்ல, ஒரே பேரும் டீமும் போட்டா எல்லார் பாயிண்ட்டும் ஒரே குவியல்தான், ஆளை அடையாளம் காட்டுறதுக்குத்தான் அங்க பாஸ்கீங்கற ரகசியச் சாவி. ஆனா இது பாயிங்க், கூட்டிப் பாத்தா ரெண்டு வரியும் நானேதான்.

இதுல பலருக்கும் தெரியாத விஷயம், ப்ராஜெக்ட்டுங்களுக்கு நடுவுல பொதுவான பதிவேடுன்னு ஒண்ணு கெடையாது. நாம அக்கவுண்ட் திறக்குறப்ப ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் தன் பாட்டுக்கு ஒரு ரேண்டம் சி.பி.ஐ.டி. (எல்லா ப்ராஜெக்ட்லயும் ஆளை அடையாளம் காட்டுற ஐடி) போட்டுக்கும், பக்கத்து ப்ராஜெக்ட் என்ன போட்டுச்சுன்னு அதுக்குத் தெரியாது. இந்த ரெண்டையும் ஒண்ணாக்குறது நம்ம மெஷின்ல ஓடுற பாயிங்க் ப்ரோகிராம், அதாவது கிளையண்ட்தான். சர்வர் பதில் சொல்லும்போது அந்த ஐடி, மெயிலோட ஹாஷ் (மெயிலை கணக்குப் போட்டு மாத்தின ஒரு குறியீடு), அக்கவுண்ட் திறந்த நேரம் மூணையும் குடுத்தனுப்பும். ஒரே மெயில் ஹாஷ் இருக்குற அக்கவுண்ட்டுகள்ல எது ரொம்பப் பழசோ அதோட ஐடியை கிளையண்ட் எடுத்து அடுத்த தடவை மத்த சர்வருக்கெல்லாம் சொல்லும், அவங்களும் மாத்திக்குவாங்க. ஊர்ல ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோற ஆள் மாதிரி. ஆக மெயில் ஒண்ணா இருக்கணும், எல்லா ப்ராஜெக்ட்டும் ஒரு மெஷின்லயாவது சேர்ந்து இருக்கணும். எனக்கு ரெண்டுமே இல்ல. ரெண்டு ப்ராஜெக்ட்ல பழைய மெயில், அதுவும் வேற லேப்டாப்ல.

சரின்னு அந்த ரெண்டுலயும் லாகின் பண்ணி புது மெயிலை போட்டேன். போட்டுட்டு அக்கவுண்ட் பக்கத்தைப் பாத்தா அங்க இருந்த 32 எழுத்து ஐடி மொத்தமா மாறிப்போச்சு. போச்சுடா, இப்ப மூணாவது ஆள் பொறந்துட்டானான்னு பக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் படிச்சுப் பாத்ததுல, வெளியில காட்டுறது அந்த உள் ஐடி இல்லவே இல்ல, உள் ஐடியையும் மெயிலையும் சேர்த்து எம்டி5ங்கற முறையில போட்ட ஹாஷ். ப்ராஜெக்ட்டுங்க எக்ஸ்எம்எல் ஃபைலா புள்ளிவிவரத்தை வெளியிடுது, யார் வேணா எடுத்துக்கலாம், அதுல மெயிலோட ஹாஷை மட்டும் போட்டா தெரிஞ்ச மெயில் ஒவ்வொண்ணையும் போட்டுப் பாத்து இது இன்னார்னு கண்டுபிடிச்சிடலாமே, அதுக்குத்தான் ரகசிய ஐடியையும் கலக்குறாங்க. நல்ல யோசனைதான், ஆனா மெயிலை மாத்தினா உடனே வெளி ஐடியும் மாறும்னு அந்தப் பக்கத்துல ஒரு வரி எழுதி வச்சா என்னவாம்.

அடுத்தது டெஸ்க்டாப்ல எல்லா ப்ராஜெக்ட்டையும் சேர்த்தேன். வேலை வந்து குவியக்கூடாதுன்னு புதுசா சேர்த்ததுக்கெல்லாம் புது டாஸ்க் வேணாம்னு போட்டுட்டு அப்டேட் பட்டனை ஒவ்வொண்ணா அமுக்கினேன். ஒரு சுத்து போதாதுங்க, முதல் சுத்துல கிளையண்ட் கேட்டுக்கும், ரெண்டாவது சுத்துலதான் போய்ச் சொல்லும். அதுக்கப்புறம் ப்ராஜெக்ட் புது ஃபைல் போடணும், சைட் அதை வந்து எடுக்கணும், ஒருநாள் ரெண்டுநாள் ஆகும். அவசரப்பட்டு நடுவுல எதையும் நோண்டாதீங்க, நான் நோண்டி எது எதனால மாறுச்சுன்னே தெரியாம முழிச்சேன்.

ரெண்டாம் நாள் எல்லாம் சேர்ந்துச்சு, ஒண்ணைத் தவிர. அஞ்சாம் நாள் பாத்தா சேர்ந்ததுல ஒண்ணு திரும்பப் பிரிஞ்சு நிக்குது! தலையை பிச்சுக்கிட்டேன். கடைசில பாத்தா குற்றவாளி அந்த பழைய லேப்டாப், ஷெல்ஃப் மேல மூடி வச்சிருந்ததை வீட்டுல யாரோ சார்ஜ் போட்டு ஆன் பண்ணியிருக்காங்க. அதுல ரெண்டே ப்ராஜெக்ட், அதுக்குத் தெரிஞ்சது பழைய ஐடி மட்டும், அது பாட்டுக்கு அந்தப் பழங்கதையை சர்வர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கு. அதுலயும் மிச்ச ப்ராஜெக்ட்டை சேர்த்து அதே மாதிரி ரெண்டு சுத்து அப்டேட் பண்ணதும் அடங்குச்சு. ஆனா ஒரே மெஷின்ல தம்பி அக்கவுண்ட் இருந்தாலும் கலந்துடுமோன்னு பயப்பட வேணாம், மெயில் வேறன்னா கிளையண்ட் தொடாது.

அந்தச் சேராத ஒண்ணு இருக்கே, அதுக்கும் ஐடிக்கும் சம்பந்தமே இல்ல. 2018ல ஐரோப்பாவுல ஜிடிபிஆர்ங்கற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், புள்ளிவிவரத்தை வெளியில குடுக்க யூசர் சம்மதிக்கணும்னு செட்டிங்ஸ்ல ஒரு டிக் வந்துச்சு. நான் அதைப் போடல. அந்த ப்ராஜெக்ட்டோட ஃபைல்ல நான் இல்லவே இல்ல, அப்புறம் எங்க சேர்றது? மூணு நாளா ஐடியையே குடைஞ்சுட்டிருந்தேன், டிக் போட்டதும் மறுநாளே வந்து நின்னுச்சு. இதைப் படிக்கிறவங்க முதல்ல அந்த டிக்கைப் பாத்துட்டு மத்ததுக்குப் போங்க.

கம்ப்யூட்டர் பட்டியல்லயும் ஓஎஸ் திரும்பப் போட்டதால ஒரே மெஷின் மூணு தடவை இருந்துச்சு, அது ப்ராஜெக்ட் பக்கத்துலயே மெர்ஜ்னு இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை. ஒரே ப்ராஜெக்ட்ல ரெண்டு அக்கவுண்ட் வச்சிருக்கீங்கன்னா மட்டும் என்னைக் கேக்காதீங்க, இந்த வித்தை ப்ராஜெக்ட் விட்டு ப்ராஜெக்ட் ஐடியை ஒண்ணாக்கும், அக்கவுண்ட்டுக்குள்ள இருக்குற கிரெடிட்டை இன்னொண்ணுல கொட்டாது.

இப்ப என் பேர்ல ஒரே வரி. அதாவது, கிட்டத்தட்ட. பழைய மெயில்ல ஒரு சின்ன ப்ராஜெக்ட் இருந்துச்சு, மூடிட்டாங்க, சர்வரே இல்ல, அப்டேட் அமுக்கினா பதில் சொல்ல ஆள் இல்ல. அதனால அந்த சைட்ல இன்னும் ஒரு குட்டி நான் தனியா இருக்கேன், ஆர்ஏசி (சமீபத்திய சராசரி கிரெடிட்) வாரா வாரம் பாதியாகி பாதியாகி எப்பவோ பூஜ்யம், கடைசி எண்ணிக்கை மட்டும் அப்படியே நிக்குது. ராத்திரி பெரிய வரியைப் பாத்துட்டு அதையும் ஒரு எட்டு பாத்துட்டுத்தான் மூடுறேன்.