எட்டாவது பெண்டுல எறங்குன நாள்

நம்ம டிபார்ட்மென்ட் பழைய மாணவர் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்புல போன மாசம் ஒரு மெசேஜ் வந்துச்சு, அடுத்த வருஷத்துலேருந்து ஜியாலஜில ஆராய்ச்சி, பாடம் நடத்துறது, ஊருக்கு உழைக்கிறது மூணுலயும் பெருசா செஞ்ச ஒருத்தருக்கு சங்கம் சார்புல விருது குடுக்கப் போறோம், பேர் அனுப்புங்கன்னு. படிச்ச உடனே எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு ஆள் தான். பேர இங்க எழுதல, அவருக்கு அது புடிக்காது, 88லேருந்து 91 வரைக்கும் நம்ம டிபார்ட்மென்ட்ல இருந்தவங்களுக்கு சார்னு சொன்னாலே போதும்.

ஃபர்ஸ்ட் இயர்ல மொத ஃபீல்டு ட்ரிப்பு. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ் ஏறி அடிவாரம், அங்கேருந்து ஏற்காடு பஸ்சு, மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, சார் எட்டாவது பெண்டுலயே விசில் அடிச்சு எறங்கச் சொல்லிட்டாரு. ரோட்டோரம் பாறை பழுப்பா, பாசி புடிச்சு சும்மா கெடக்கு. இதுல என்னத்த பாக்குறதுன்னு நாங்க நிக்குறோம். சார் சுத்தியல எடுத்து முனையில ஒரே போடு, டங்குன்னு வெங்கலப் பாத்திரம் மாதிரி சத்தம், கையளவு துண்டு தெறிச்சு விழுந்துச்சு. உள்ள பாத்தா வெளிய இருந்ததுக்கு சம்பந்தமே இல்ல, நீலமா சாம்பலா நல்லெண்ணெய் தடவுன மாதிரி மினுமினுன்னு. சார் அத நாக்கால நக்குனாரு. நாங்க சிரிச்சுட்டோம். அவரு கோவப்படல, "ஈரம் பட்டா தான்டா மணி மணியா பிரிஞ்சு தெரியும், இந்தா லென்ஸ்"ன்னு குடுத்தாரு. கண்ணுகிட்ட லென்ஸ ஒட்டி வச்சு, கல்ல கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல கொண்டு வந்தப்ப நீலக் குவார்ட்ஸு, ஃபெல்ட்ஸ்பார், நடுவுல கருப்பா ஹைப்பர்ஸ்தீன்னு ஒவ்வொரு தாதுவும் தனித்தனியா தெரிஞ்சுச்சு. அன்னைக்கு பாத்தது இன்னமும் கண்ணுலயே இருக்கு.

அந்தக் கல்லோட பேரு சார்னகைட். கல்கத்தாவுல ஈஸ்ட் இந்தியா கம்பெனி அதிகாரியா இருந்த ஜாப் சார்னாக் கல்லறைய மூடியிருக்கிற கல்லும் இதே வகை தான், நம்ம பல்லாவரம் பக்கத்துலேருந்து போனது, அதனால ஜிஎஸ்ஐல, அதாவது ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவுல இருந்த ஹாலண்ட் 1893ல அந்தப் பேர வச்சாரு. உலகம் பூரா ஜியாலஜி படிக்கிறவன் எவனும் இந்தப் பேர தாண்டாம போக முடியாது. நம்ம சேர்வராயன் மலை மொத்தமும் அது தான், வயசு ஏறத்தாழ 250 கோடி வருஷம், உச்சியில மழையும் வெயிலும் பட்டு பட்டு மத்ததெல்லாம் கரைஞ்சு போயி அலுமினியம் மட்டும் தங்குன எடம் தான் பாக்சைட்டு, அலுமினியம் எடுக்குற கல்லு. இத சார் கரும்பலகையில சொல்லல, மலையில கீழேருந்து மேல நடக்க வச்சே சொன்னாரு.

மத்தியானம் ஏற்காடு ஹோலி ட்ரினிட்டி சர்ச்சுக்கு கூட்டிட்டு போனாரு. அங்க ஜிஎஸ்ஐ ஜியாலஜிஸ்ட் ராபர்ட் புரூஸ் ஃபூட் நினைவிடம். 1863 மே 30ந் தேதி பல்லாவரத்துல ஆதி மனுஷன் செஞ்ச மொத கல்லு கைக்கோடாரிய கண்டெடுத்தவரு, வில்லியம் கிங்கோட சேர்ந்து நம்ம சேலம் ஜில்லா கல்ல எல்லாம் நடந்து பாத்து 1864ல ரிப்போர்ட்டு போட்டவரு, கடைசியில ஏற்காட்டுலயே வந்து தங்கிட்டாரு. அவரு மாமனாரு தான் யாழ்ப்பாணத்துல ஆறுமுக நாவலர கூட வச்சுக்கிட்டு பைபிள தமிழ்ல கொண்டு வந்த பீட்டர் பெர்சிவல். சார் அங்க செருப்ப கழட்டிட்டு ரெண்டு நிமிஷம் நின்னாரு. "நாம படிக்கிற மேப்புல மொதக் கோடு போட்ட மனுஷன்டா இவரு"ன்னாரு. ஒரு ஆராய்ச்சியாளன எப்படி மதிக்கணும்னு நான் கத்துக்கிட்டது அங்க தான்.

எங்கப்பா மாமாங்கத்துல வெள்ளக்கல்லு, அதாவது மேக்னசைட்டு சுடுற சூளையில வேலை. சார் ஒரு நாள் வீட்டுக்கு வந்தாரு, திண்ணையில அப்பா பக்கத்துலயே உக்காந்து, "சூளையில எவ்ளோ போட்டா எவ்ளோ வரும்ங்க"ன்னு கேட்டாரு. அப்பா சொன்னாரு, "100 கிலோ போட்டா 50 கூட வராதுங்க சார், மிச்சம் எங்க போகுதுன்னு முப்பது வருஷமா எனக்கும் புரியல". சார் ஒரு பேப்பர வாங்கி கணக்கு போட்டு காமிச்சாரு, சுத்தமான கல்லா இருந்தா 48 கிலோ, மிச்சம் 52ம் காத்தா போயிடுது, கார்பன் டை ஆக்சைடு, மிஞ்சுற மெக்னீசியா 2800 டிகிரி வரைக்கும் உருகாது, அதான் இரும்பு உருக்குற உலைக்குள்ள செங்கல்லா வைக்கிறாங்கன்னு. அப்பா அந்தப் பேப்பர ரேஷன் கார்டுக்குள்ள மடிச்சு வச்சிருந்தாரு, அப்பா காலமானப்புறம் தான் நான் பாத்தேன்.

ஞாயித்துக்கெழமைனா சார் டிவிஎஸ் 50ல, மண்ணுக்குள்ள கரண்ட்டு விட்டு தண்ணி பாக்குற ரெசிஸ்டிவிட்டி மீட்டர கட்டிக்கிட்டு ஓமலூர் பக்கம், வாழப்பாடி பக்கம் கெளம்பிடுவாரு. நம்ம பக்கம் அடியில பூரா கெட்டிப் பாறை, தண்ணி இருந்தா வெடிப்புல தான் இருக்கும், எடம் தப்புனா 600 அடி போர் போட்டாலும் புகை தான் வரும், கடன் வாங்கிப் போட்ட குடியானவன் கதி அவ்ளோ தான். நாலு கம்பிய மண்ணுல அடிச்சு, கரண்ட்டு விட்டு, ரீடிங் எடுத்து, எடம் சொல்லுவாரு. அவரு நெறைய பேருக்கு சொன்னது "இங்க போடாதீங்க" தான். அத தைரியமா சொல்ல ஒரு ஆள் வேணும். காசு வாங்க மாட்டாரு, மோர் மட்டும். ஒவ்வொரு கெணறும் எங்க, எத்தன அடி, எந்த அடியில என்ன கல்லு, தண்ணி எவ்ளோன்னு லாங் சைஸ் நோட்டுல எழுதி வைப்பாரு, நான் பாத்தப்பவே 14 நோட்டு. இன்னைக்கு நான் பெர்த்துல உக்காந்து கல்கூர்லி பக்கத்துல பூமிய தொளச்சு எடுத்த கல்லுத் தண்டு, ட்ரில் கோர், அத பாத்து பொழைக்கிறேன், அந்த மாதிரி டேட்டாவுக்கு என்ன மதிப்புன்னு எனக்குத் தெரியும்.

ஆனா ஒரு தடவ விருதுக்கு அவர் பேர அனுப்பினப்ப எத்தன பேப்பர் பப்ளிஷ் ஆச்சுன்னு கேட்டாங்க, ரெண்டுன்னு எழுதினோம், அதோட போச்சு. ரிட்டயர் ஆனப்ப ஒரு சால்வ, ஒரு சுவர் கடிகாரம். எனக்கு இன்னும் வயிறு எரியுது. விருது வேணாம்னு நான் சொல்லல, சென்ட்ரல் கவர்மென்ட்டு 1966லேருந்து மினரல் அவார்டு குடுக்குது, இப்ப அது நேஷனல் ஜியோசயின்ஸ் அவார்டு, வாங்குறவங்க எல்லாம் தகுதியானவங்க. அந்த 14 நோட்டையும் தெறந்து பாக்குறதுக்கு அந்த ஃபாரத்துல ஒரு கட்டம் இல்லையேன்னு தான் ஆதங்கம்.

2023 ஆகஸ்ட் 23, சந்திரயான் 3 எறங்குன அன்னைக்கு ராத்திரி சார் எனக்கு போன் பண்ணாரு. சித்தம்பூண்டில கெடைக்குற அனார்த்தோசைட்டுங்கிற கல்லு நிலா மண்ணு மாதிரியே இருக்குன்னு தான் அத பொடி பண்ணி லேண்டர் டெஸ்ட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க, பெரியார் யுனிவர்சிட்டி ஜியாலஜி டிபார்ட்மென்ட்டும் அதுல கூட நின்னுச்சு. "நாமக்கல் பக்கம் நாம பஸ்சுல போயி ஒடச்ச கல்லுடா, அதே கல்லு"ன்னாரு, குரல் தழுதழுத்துச்சு, அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்ல, நானும் லைன வச்சுக்கிட்டே இருந்தேன்.

போன வாரம் சார்கிட்ட போன்ல விருது விஷயத்த சொன்னேன். "எனக்கு எதுக்குப்பா, அந்தக் காசுல வருஷத்துக்கு ஒரு பஸ் புடிச்சு குடுங்க, பசங்க கல்ல செல்லுல பாத்தே பரிட்ச எழுதுறாங்களாம்"ன்னாரு. கமிட்டிக்கு நான் ரெண்டையும் எழுதியிருக்கேன், விருதும் வேணும் பஸ்சும் வேணும், அந்த நோட்டுங்கள ஸ்கேன் பண்ற செலவு என்னோடது. வைக்கிறதுக்கு முன்னாடி சார் கேட்டாரு, பஸ்சு எங்க நிறுத்துவீங்கன்னு. எட்டாவது பெண்டுன்னேன். "ஆமா, எட்டாவது தான், ஒன்பதுல டிரைவருக்கு ஓரங்கட்ட எடம் பத்தாது."