இருண்ட திட்டுக்குள் வெப்பம்

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், 66 அலைவாங்கிகளுடன் இயங்கும் ஆல்மா தொலைநோக்கியின் தரவுகளைக் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக அறையில் அமர்ந்து ஆராய்வதே என் வேலை. சுமத்ராவின் புகைமூட்டம் வந்து இரட்டைக் கோபுரத்தை மறைக்கும் நாள்களிலும் இந்த வேலை தடைபடுவதில்லை.

சூரியனைவிட எட்டு மடங்குக்கும் மேற்பட்ட பொருண்மை கொண்ட விண்மீன்களின் பிறப்பைக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் காண இயலாது. சுற்றிலுமுள்ள வாயுவை இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கும்போதே அவற்றின் மையத்தில் ஹைட்ரஜன் எரியத் தொடங்கிவிடுகிறது. தூசுப்போர்வை விலகுமுன் பிறப்பே முடிந்துவிடுகிறது. நமக்கு மிக அருகில் அவை பிறக்கும் ஓரியன் மேகமே ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. 1990களில் அகச்சிவப்புச் செயற்கைக்கோள்கள், பால்வழியின் ஒளிர்வுக்கு முன்னே மைக்கறைபோல் படிந்திருந்த இருண்ட மேகங்களைக் காட்டின. மில்லிமீட்டர் அலைகளில் அதே தூசு மெலிதாக ஒளிரும். அந்த ஒளிர்விலிருந்து பொருண்மையைக் கணக்கிடலாம், வெப்பநிலை தெரிந்திருந்தால்.

அங்கேதான் நான் தவறினேன். அத்தகைய மேகமொன்றில் இருட்டாகத் தெரிந்த ஒரு திட்டு குளிர்ந்துதான் இருக்கும் என்று எண்ணி, 20 கெல்வின் என எடுத்துக்கொண்டு, 60 சூரியப் பொருண்மை என எழுதி வைத்தேன். எங்கள் குழுவின் மூத்த ஆய்வாளரான அக்கா அதைப் படித்துவிட்டு, “தம்பி, இந்த இருபதை எங்கிருந்து எடுத்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். பிறகு, 220 கிகாஹெர்ட்ஸ் அருகில் மெத்தில் சயனைடு என்ற மூலக்கூறின் நிறமாலைக் கோடுகளைத் திரையில் பெரிதாக்கினார். ஏணிப்படிகள்போல் அடுத்தடுத்து நின்ற அவற்றுள், குளிர்ந்த வாயுவில் எழவே எழாத மேல்படிக் கோடுகளும் தெளிவாக நின்றன. அவற்றின் உயரங்களை ஒப்பிட்டபோது வெப்பநிலை 100 கெல்வினைத் தொட்டது. வெப்பமான தூசு கூடுதலாக ஒளிரும் என்பதால், நான் கணக்கிட்ட பொருண்மை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது.

முதலில் மனம் சோர்ந்தது உண்மை. ஆனால் அதே இடத்தில், 6.7 கிகாஹெர்ட்ஸில், மெத்தனால் மேசர், அதாவது மெத்தனால் மூலக்கூறுகள் லேசர்போல் பெருக்கி உமிழும் நுண்ணலை, பதிவாகியிருந்தது. பெருவிண்மீன்கள் உருவாகும் இடங்களில் மட்டுமே தோன்றுவதாக அறியப்பட்ட அந்தக் கதிர்வீச்சு, உள்ளே ஒரு விண்மீன் ஏற்கெனவே வளர்ந்துவருவதை உணர்த்தியது. நான் அளந்தது அது உண்டதுபோக எஞ்சியிருந்த வாயுவையே.

இப்போது என் அட்டவணையில் பொருண்மைக்கு முன்னால் வெப்பநிலைக்கும், அதை எவ்வாறு பெற்றேன் என்பதற்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. நாற்பது திட்டுகளுள் பதினொன்றுக்கு அவை இன்னும் நிரப்பப்படவில்லை.