மூணு கட்டைக்கு இறங்கிய குரல்

2024 ஜூன் 8, சனி

மச்சான் நியூஜெர்சி வீட்டைக் காலி செய்துகொண்டு வந்த பெட்டிகளில் ஒன்று என் பங்குக்கு வந்தது. பெல்ட்டில் ஓடும் பழைய அமெரிக்க டர்ன்டேபிள், இசைத்தட்டு போடும் மெஷின். அம்மாவின் இசைத்தட்டுகள் பல வருடமாகப் பரணில் கிடக்கின்றன. அதனால் கோவையில் எங்கள் வீட்டுக்கே அது என்று யாரும் சண்டை போடாமல் முடிவாயிற்று.

மெஷினின் சுழலும் தட்டைத் தூக்கிப் பார்த்தால் பெல்ட் உருகி, கருப்பு ஜவ்வாக மோட்டார் புல்லியைச் சுற்றி ஒட்டிக்கிடந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தெடுக்க ஒரு மணி நேரம். விரலில் ஏறிய கரி ராத்திரிச் சாப்பாடு வரை போகவில்லை. புது பெல்ட்டுக்கு ஆர்டர் போட்டாயிற்று.

ஜூன் 12, புதன்

பெல்ட் வந்துவிட்டது. மெஷின் கேட்பது 120 வோல்ட், நம் வீட்டில் இருப்பது 230. நடுவில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். அது லேசாக உறுமுகிறது. ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்தால் ஸ்பீக்கரும் சேர்ந்து உறுமுகிறது. தூக்கிக்கொண்டுபோய் ஏசிக்கான பவர் பிளக்கில் மாட்டினேன். எர்த் வயரை மாட்ட மறந்ததற்குத் தனியாக ஒரு ரீங்காரம். மாட்டியதும் அடங்கியது.

பின்னால் இருக்கும் எடையைத் திருகித் திருகி, ஊசியைத் தாங்கும் ஆர்ம் தராசுக்கோல் போல மட்டமாக மிதக்கும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து ஊசிக்கு 2 கிராம் அழுத்தம் ஏற்றினேன். பொன் நிறுக்கும் சின்னத் தராசு 2.1 என்றது. போதும்.

பெட்டியோடு, சுற்றிலும் கோடு போட்ட ஒரு வட்ட அட்டையும் வந்திருந்தது. தட்டின்மேல் வைத்துச் சுழலவிட்டால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் நிற்பதுபோலத் தெரிய வேண்டும். ஹால் எல்.இ.டி. வெளிச்சத்தில் வெறும் சாம்பல் வளையம்தான் தெரிந்தது. சோக் வைத்த பழைய ட்யூப்லைட் ஸ்டோர் ரூமில் மட்டும்தான் மிச்சம். மெஷினை அங்கே தூக்கிப்போய்ப் பார்த்தேன். கோடுகள் சிலை மாதிரி நின்றன. வேகம் கச்சிதம் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

ஜூன் 13, வியாழன்

அம்மாவுக்குப் பிடித்த பாடகியின் தட்டு. ஊசி இறங்கி, தம்பூரா எழுந்து, குரல் வந்தது. அம்மா கையிலிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

"இவங்க சுருதி அஞ்சு கட்டையாச்சே கண்ணு. யாரு இது?"

கோடு நின்றதைச் சொன்னேன். அம்மா பதில் சொல்லாமல் ஆர்மோனியத்தை இழுத்து வைத்து அஞ்சாம் கட்டையை அழுத்தினார், குரலோடு ஒட்டவில்லை. இறங்கி இறங்கி மூன்றில் வந்து நின்றார். அதற்கும் ஓர் இழை கீழே இருந்தது. உண்மையில், சளி பிடித்த யாரோ ஓர் ஆண் பாடுவது போலத்தான் இருந்தது. எனக்குத்தான் கோட்டின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜூன் 15, சனி

தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினேன். அம்மா கடிகாரத்தைப் பார்க்க, நான் எண்ணினேன். 60 வினாடியில் 33 சுற்றுக்கு மேல் வந்திருக்க வேண்டும். 28 முடியவே கால் சுற்று பாக்கி.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும். கரண்டின் துடிப்பைத் தொடாது. அங்கே வினாடிக்கு 60, இங்கே 50. இந்த மோட்டார் அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஜாதி. ஆறில் ஒரு பங்கு வேகம் போயிற்று.

கோடுகள் ஏன் நின்றன? அட்டையும் அமெரிக்காதான். அதில் 216 கோடு. வினாடிக்கு 120 முறை மின்னும் விளக்குக்கான கணக்கு. நம் ட்யூப்லைட் மின்னுவது 100 முறை. அந்த வெளிச்சத்தில் 216 கோடு அசையாமல் நிற்க வேண்டுமானால் தட்டு நிமிஷத்துக்கு 27.78 சுற்றுதான் சுற்ற வேண்டும். அதே வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது! மோட்டார் சொன்ன பொய்க்கு ட்யூப்லைட் சாட்சி. ஆர்மோனியத்திடம் மட்டும் பலிக்கவில்லை. இங்கே தேவை 180 கோடு போட்ட அட்டை. வரைந்து பிரின்ட் எடுத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

மோட்டார் மெதுவாகச் சுற்றினால் புல்லி பெரிதாக வேண்டும், அவ்வளவுதான். கோவையில் இருந்துகொண்டு இதற்கு வெளிநாட்டுக்கு எழுதிப் போடுவது அசிங்கம். கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் புல்லியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவுல லேசா வயிறு வெச்சிருக்கானுங்க. பெல்ட் நழுவாம நடுவுலயே ஓடறதுக்கு."

நான் நேராக இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தபோதுதான் அந்த மேடு தட்டுப்பட்டது. குறுக்களவு மைக்ரோமீட்டரில் 16.13 மி.மீ. ஒன்றே கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, 1.2 மடங்கு: 19.36. பித்தளையில் கடையச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

அம்மா அஞ்சை அழுத்தினார், தலையை ஆட்டினார், கீரைக்குத் திரும்பிவிட்டார். நான் அங்கேயே விட்டிருக்கலாம். புது அட்டையை வைத்துப் பார்த்தேன். கோடுகள் நிமிஷத்துக்கு முப்பத்தைந்து போலப் பின்னால் நகர்கின்றன. 33.14 சுற்று. காதுக்குத் தெரியாது, பார்த்த கண் சும்மா இருக்குமா?

போனில் சொன்னதும் பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "பெல்ட் தடிப்பைச் சேர்த்தீங்களா?"

சேர்க்கவில்லை. 0.6 மி.மீ. பெல்ட் புல்லியைச் சுற்றும்போது அதன் நடுக்கோடுதான் கணக்கு. பழைய புல்லியோடு 0.6 கூட்டி, 1.2 ஆல் பெருக்கி, மறுபடி 0.6 கழித்தால் 19.48. எனக்கு விட்டுப்போனது 0.12.

ஜூன் 23, ஞாயிறு

இரண்டாவது புல்லி. கோடுகள் நிற்கின்றன, இந்த முறை ஆர்மோனியமும் சம்மதித்தது. பக்கத்து வீட்டு அத்தையும் வந்து உட்கார்ந்தார். கல்பனாஸ்வரம் நடுவில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. ஆம்ப்ளிஃபயர் இன்வெர்ட்டரில் இருக்கிறது, மெஷினின் பவர் பிளக் இல்லை. ஊசி தட்டிலேயே இருக்க, குரல் அஞ்சிலிருந்து நாலு, மூணு என்று வழுக்கி இறங்கிப் பாதாளத்துக்குப் போய் நின்றது.

"மூணுல கொஞ்சம் நின்னாங்க பாரு," என்றார் அம்மா.